ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள்

என் அப்பா தையற்காரர். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு சந்தில், வாடகை வீட்டின் திண்ணையையே கடையாக்கி, மிதிமெஷின் ஒன்றைப் போட்டுக்கொண்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்தார். காலையில் எழுந்தவுடன் அவருடைய விரல்கள் நடுங்கும். உள்ளே கொஞ்சம் குடி போகும்வரை ஊசியின் காதில் நூல் நுழையாது. ஆகவே கொக்கி வைப்பதற்கும் காஜா எடுப்பதற்கும் வேண்டிய கையூசிகள் பத்துப் பன்னிரண்டில் நூல் கோத்து, ஒரு வெட்டுத் துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவது ஐந்தாம் வகுப்பிலிருந்து என்னுடைய வேலையாக இருந்தது. வெள்ளை நூலில் நான்கு, கறுப்பில் நான்கு, அன்றைக்குத் தைக்க வேண்டிய ரவிக்கையின் நிறத்தில் மீதி. அவர் ஒருநாளும் கோத்துக் கொடு என்று கேட்டதில்லை. அவர் கை நடுங்குகிறது என்று நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, புதுச்சேரியில் ஒரு சிறிய அரங்கில், எழுபது எண்பது பேர் தரையிலும் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்க, நான் ஒருத்தியே 55 நிமிடம் நடித்த நாடகம் அந்த ஊசிகளிலிருந்துதான் தொடங்குகிறது. தாத்தா, அப்பா, அம்மா, தம்பி, நான் என்று ஐந்து பேர் அதில் வருகிறோம். ஐவருக்கும் உடல் ஒன்றுதான். மேடையில் ஒரு முக்காலி, இரண்டு எவர்சில்வர் தட்டுகள், ஒரு நூற்கண்டு. தையல் மெஷின் இல்லை. அது 2002இல் அடகுக் கடைக்குப் போனது, திரும்பி வரவில்லை. ஆகவே மேடையிலும் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மெஷின் ஓடும் ஓசையை என் குதிகாலாலும் நாக்காலும் எழுப்புகிறேன்.

இதை எழுதத் தொடங்கியது 2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்த வாரம் அது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் கள்ளக்குறிச்சியும் அடக்கம் என்பதால், என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அது இன்றைக்கும் நம் மாவட்டத்து ஊர்தான். தொலைக்காட்சியில் இறந்தவர்களை எண்ணினார்கள். சாராயம் எங்கே காய்ச்சப்பட்டது, யார் விற்றார்கள் என்று பேசினார்கள். தாயும் தகப்பனும் ஒருசேரப் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார்கள். ஆனால் அந்த வீடுகளுக்குள் விஷம் வராத நாட்களில், வெறும் சாராயம் மட்டும் வந்த ஆயிரக்கணக்கான நாட்களில், இந்தப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவர்கள் வாசல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள்.

குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது கேட்பதற்குத்தான். அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சந்து முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால் அளவாகக் குடித்திருக்கிறார் என்று பொருள். ஏறி மிதித்தபடியே வந்து சாக்கடைக் கல்லில் இடித்தால் அன்றைக்கு வம்பு. ஸ்டாண்டு ஒரே உதையில் நின்றால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். மூன்று முறை தவறினால் அம்மா எழுந்து என்னையும் தம்பியையும் சமையற்கட்டுப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பாள். சைக்கிள் ஓசையே கேட்காமல் யாரோ இரண்டு பேருடைய பேச்சுக்குரல் மட்டும் கேட்டால், தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மணி என்னவானாலும் கதவை எழுந்து திறக்கிறவள் அம்மாதான். அந்த வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் இருந்தது. வெளியிலிருந்து திறந்துகொண்டு வரும் வழி கிடையாது. அவருடைய சோறு ஒரு தட்டில் போட்டு மற்றொரு தட்டால் மூடப்பட்டிருக்கும். அந்த மேல்தட்டு எடுக்கப்படும் ஓசை அமைதியாக இருந்தால் நான் தூங்கிவிடலாம்.

குடி பரம்பரையாக வரும் என்று ஊரில் யாராவது சொல்லும்போது எல்லார் கண்ணும் தம்பியின் பக்கம் போகும். தம்பியும் குடிக்கிறான், ஆகவே பார்த்தீர்களா, அப்பனைப் போலப் பிள்ளை என்று அந்தப் பேச்சு முடிந்துவிடும். என் பக்கம் யாரும் திரும்பியதில்லை. நான் ஒரு சொட்டும் தொடாதவள், படித்தவள், பள்ளியில் பாடம் நடத்துகிறவள். ஆனால் வகுப்பறையில் பக்கத்து அறைக் கதவு வேகமாகச் சாத்தப்பட்டால் என் கையிலிருக்கும் சாக்பீஸ் நின்றுவிடும். யாருடைய செருப்பு எப்படிக் கழற்றப்படுகிறது என்பதை வைத்து அவர்களுடைய மனநிலையைக் கணித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவேன். பாட்டியும் அப்படி இருந்தாள், அம்மாவும் அப்படித்தான் இருக்கிறாள். குடிக்காதவர்களுக்கும் ஒரு பரம்பரை உண்டு என்பதும், அது யார் கண்ணிலும் படாமல் பெண்கள் வழியாக இறங்கி வருகிறது என்பதும்தான் நான் மேடையில் சொல்ல விரும்பியது.

இதைத் தனி ஒருத்தியாக ஆட வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குள் போட்டவர் விழுப்புரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பதற்காக இரண்டு கோடை விடுமுறைகள் அவரிடம் போய் அடவு கற்றேன். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பாரதம் வாசித்து, இரவெல்லாம் கூத்து ஆடி, கடைசியில் படுகளம் நடத்தும் ஊர்கள் நிறைய உண்டு. பகடைத் துகில் ஆடுகிற இரவு என்றால் என் பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விடுவாள். நாடு போய், தம்பிமார் போய், தானும் போய், கடைசியில் பெண்டாட்டியையும் வைத்துத் தருமர் உருட்டுகிற அந்தக் கட்டத்தில், தன்னைத் தோற்றபின் என்னைத் தோற்றாரா, தன்னைத் தோற்குமுன் என்னைத் தோற்றாரா என்று திரௌபதி கேட்கும் கேள்விக்குச் சபையில் யாருக்கும் வாய் திறப்பதில்லை. பாட்டி அந்த இடத்தில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள். அவள் சாமி பக்தியில் அழுகிறாள் என்று நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதை 94ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்ததை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பாட்டியின் வாயிலிருந்த முந்தானையை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

தருமர் வேடத்தை எப்படி ஆட வேண்டும் என்று வாத்தியார் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். "தருமரு கெட்டவரு இல்லம்மா. நிறுத்தத் தெரியாதவரு. கெட்டவரா ஆடிப்புட்டா சனம் திட்டிட்டு வீட்டுக்குப் போயிடும். நிறுத்தத் தெரியாதவரா ஆடுனாத்தான் அவுங்க வூட்டு ஆளு ஞாபகம் வரும்." என் அப்பாவை மேடையில் ஏற்றுவதற்கு இதைவிடச் சரியான வழிகாட்டல் வேறு எங்கும் எனக்குக் கிடைத்திருக்காது. கட்டியங்காரனையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். கதைக்குள்ளே நின்று வேலைக்காரனாகப் பேசிவிட்டு, அடுத்த நொடி வெளியே வந்து சனங்களிடம் நேராகப் பேசுகிற அந்த உரிமை எனக்கு வேண்டியிருந்தது. துயரம் என்னை மூழ்கடிக்கப் பார்க்கும் இடங்களில் நான் கட்டியங்காரியாகி, "இப்போ மணி என்னா தெரியுமா, பதினொண்ணே கால்" என்று பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவேன்.

ஒத்திகையில் தாத்தாவின் உடலைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அவர் கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடத்தோள் ஏறி, கழுத்து முன்னால் நீண்டு, குதிகாலில் பாரம் போட்டு நடப்பார் என்று பாட்டி சொல்லியிருந்ததை வைத்துத் தேடினேன். அப்பாவுக்கு மெஷின்மேல் கவிந்த முதுகும், எப்போதும் எதையோ பிடித்திருப்பது போன்ற வலக்கை விரல்களும் போதுமானவையாக இருந்தன. அம்மாவாக நிற்க முயன்ற அன்றுதான் விளங்கியது. ஒத்திகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த தோழி, "எப்போ அம்மாவா மாறப் போற?" என்று கேட்டாள். நான் மாறியாயிற்று என்று நினைத்திருந்தேன். பதிவை ஓட்டிப் பார்த்தோம். நானாக நிற்கும்போதும் அம்மாவாக நிற்கும்போதும் என் தலை ஒரே கோணத்தில், வலக்காது கதவு இருக்கக்கூடிய திசையை நோக்கி, இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. மாறுவதற்கு ஒன்றுமே இல்லை. அன்று மேற்கொண்டு ஒத்திகை பார்க்க முடியவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

நாடகத்தின் நடுப்பகுதி 1998 ஆடி மாதத்தில் நடக்கிறது. எனக்கு அப்போது 14 வயது. பாட்டி அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டிவிட்டாள். குடிப்பதில்லை என்று சாமி முன் சத்தியம் செய்து, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டால், அது கையில் இருக்கும்வரை தொடக்கூடாது. பலர் மூன்றாம் நாளே கயிற்றை அறுத்துவிட்டுக் கடைக்குப் போவார்கள். அப்பா அப்படிச் செய்யவில்லை, உண்மையாகவே நிறுத்தினார். முதல் நாள் வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் இரவு பொட்டுத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை நான் கண் விழித்தபோது, அவர் சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். கையில் ஊசி இல்லை, நூல் இல்லை, துணியும் இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் குத்தி இழுத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். பிறகு அந்த இல்லாத ஊசியை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன். இல்லாத நூலை எச்சில் தொட்டு முறுக்கி, இல்லாத காதில் நுழைத்து, திருப்பிக் கொடுத்தேன். அவர் தைத்தார். மறுபடியும் நீட்டினார். எத்தனை ஊசி கோத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

சற்று நேரத்தில் அவருடைய பார்வை என்னைத் தாண்டி வாசலில் நிலைகுத்தியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில், "வாணாம்பா, வாணாம்பா, நான் எடுக்கலப்பா" என்று கெஞ்சத் தொடங்கினார். வாசலில் யாரும் இல்லை. தாத்தா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பாட்டி "அவரு வந்துட்டாரு" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பெரியவருடைய ஆவி புகுந்துவிட்டது என்று முடிவு கட்டி வேப்பிலை ஒடிக்க ஆள் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், "இது பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, குடிய திடீர்னு நிறுத்துனா வர்றது, எங்க அண்ணனுக்கும் வந்துச்சு" என்று அதட்டி, வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து எங்களைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஏற்றிவிட்டார். அவர் இல்லையென்றால் அன்றே அப்பா போயிருப்பார்.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தும்போது, மதுவால் அமுக்கி வைக்கப்பட்டிருந்த மூளை அந்த அமுக்கம் நீங்கியதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுகிறது. கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து 2 முதல் 4 நாட்களுக்குள் இந்தச் சன்னி வரக்கூடும். வலிப்பு வரலாம், காய்ச்சல் ஏறலாம், இல்லாத பூச்சியும் இல்லாத மனிதர்களும் கண்ணுக்குத் தெரியலாம், மருத்துவம் பார்க்காவிட்டால் உயிரும் போகலாம். அந்த மயக்கத்தில் கைகள் தமக்குப் பழகிய தொழிலையே செய்துகொண்டிருப்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று. கிளர்ச்சியைத் தணிக்கும் மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து ஐந்து நாட்களில் அப்பாவை மீட்டார்கள். கயிறு கட்டப் போகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது இதுதான்: கட்டுங்கள், ஆனால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அந்த ஐந்து நாட்களில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாட்டி வாயைத் திறந்தாள். அப்பாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, கூலிப் பணத்தில் நாலணா குறைகிறது என்று தாத்தா அவரைத் தூணில் கட்டி அடித்திருக்கிறார். அந்த நாலணாவைத் தாத்தாவே குடித்திருந்தார். வழியில் குடித்தது அவருக்கே நினைவில்லை. பாட்டிக்கு அது தெரியும். சொன்னால் அடி தன்மேல் திரும்பும் என்று பேசாமல் நின்றிருக்கிறாள். "நான் சொல்லல பாப்பா" என்பதை மட்டும் மூன்று நான்கு முறை சொன்னாள். 1948இலிருந்து சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு இருந்தது; பிரெஞ்சு ஆட்சியிலும், 1954இல் அந்த ஆட்சி கைமாறிய பிறகும், புதுச்சேரியில் கடை மூடப்படவில்லை. தாத்தா கூலி வாங்கிய மாலையில் பெண்ணையாற்றைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டு நள்ளிரவில் நடந்து திரும்புவாராம். மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி வந்து, 1981இல் மறுபடி நீங்கியது. 2003இல் அரசே சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இந்த ஆண்டுகளால் மாறியது குடிக்கப் போகிற தூரம் மட்டுமே.

தாத்தாவை அடித்தவர் யார் என்று நான் பாட்டியிடம் கேட்டேன். அவருடைய அப்பாவைப் பற்றிப் பாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. நாடகத்தில் அந்த இடத்தில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்கிறேன்.

முதல் வரைவில், துயரம் எங்கள் அணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு வசனம் வைத்திருந்தேன். எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்த வசனம் அது. மனநல மருத்துவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தபோது அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, குடிநோய் வருவதற்கான சாத்தியத்தில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது. மீதிப் பாதி வாழ்க்கை. எலிகளைப் பயமுறுத்தி, அந்தப் பயத்தின் தடத்தைக் குட்டிகளிடத்தும் கண்டதாகச் சொல்லும் சோதனைகள் உண்டு என்றாலும், மனிதரிடம் துயரம் அப்படி உயிரணு வழியே இறங்குகிறதா என்பது இன்னும் தீராத விவாதம் என்றார். "அணுவுக்குப் போறதுக்கு முன்னாடி, நீங்க பாத்ததையும் கேட்டதையும் எழுதுங்க டீச்சர். அதுல சந்தேகமே இல்ல."

அவர் எனக்குக் காட்டிய ஆய்வு, நான் இல்லாத ஊசியில் நூல் கோத்த அதே 1998இல் அமெரிக்காவில் வெளியானது. 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, அடிபட்டது, வீட்டில் குடிகாரர் இருந்தது, வீட்டில் ஒருவர் சிறை சென்றது என ஏழு வகைத் துன்பங்களை எண்ணியிருக்கிறார்கள். அவற்றுள் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, ஒன்றும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. அந்த ஏழில் ஒன்று, அம்மா அடிபடுவதைப் பார்த்தல். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அடி என்மேல் விழுந்ததில்லை என்பதால் எனக்கு ஒன்றும் நேரவில்லை என்றுதான் அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். பார்த்ததும் கணக்கில் சேரும் என்று ஒரு தாளில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்து அழுதேன்.

எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சம்மதம் இல்லாமல் இதை ஒருவர் முன்னாலும் ஆடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். கதை என்னுடையது என்றாலும் வாழ்ந்தவள் அவள். அவளுக்கு 67 வயது. முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். ஓர் இடத்தை எடுத்துவிடச் சொன்னாள்; எடுத்துவிட்டேன்; அது என்ன என்பதை இங்கேயும் எழுதமாட்டேன். இரண்டு இடங்களைச் சேர்க்கச் சொன்னாள்.

"உங்கப்பா வருஷா வருஷம் தீவாளிக்கு எனக்கு ரவிக்க தைப்பாரு. ஊருக்கெல்லாம் தச்சுக் குடுத்துட்டு விடியக்காலம் மூணு மணிக்கு என்னுத எடுப்பாரு. கை நடுங்காம தைப்பாரு. எங்க அளவும் எடுக்கமாட்டாரு, அவருக்குத் தெரியும். அதச் சொல்லு. அதச் சொல்லாம மத்ததச் சொன்னா அது பொய்யி."

இரண்டாவது, குழம்பில் மாத்திரை கலந்தது. 2001இல், யாரோ சொன்னதைக் கேட்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு கடையில் வாங்கிய மாத்திரையைப் பொடி செய்து அப்பாவுக்குத் தெரியாமல் கத்தரிக்காய்க் குழம்பில் கலந்திருக்கிறாள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்து அது. மது உடலில் சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருளை மேற்கொண்டு சிதையவிடாமல் தடுத்துவிடும். முகம் செக்கச்சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி எடுக்கும், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எடுத்துக்கொள்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. அன்றிரவு அப்பா வாசற்படியில் விழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என்னடி போட்ட என்று கேட்டார். அம்மா ஒன்றுமில்லை என்றாள். அவர் பிழைத்துக்கொண்டார். 2006இல் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்து அவர் இறந்தபோது, தான் கலந்த மாத்திரைதான் காரணம் என்று அவள் நம்பியிருக்கிறாள். 19 ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இல்லை அம்மா, அது குடியால் வந்தது என்று அந்தக் கீரை முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதன்முறையாக அவளிடம் சொன்னேன். "தெரியும். இருந்தாலும் சொல்லு" என்றாள்.

நாடகத்தன்று அவள் இரண்டாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் தரையில் அமர்ந்து, டம்ளரின் அடிப்பாகத்தால் மாத்திரையை நசுக்குவதாக நடித்த அந்த இரண்டு நிமிடமும், மேடை விளக்கு சிந்திய வெளிச்சத்தில், அவளுடைய வலக்கை மடியில் அதே அசைவைச் செய்துகொண்டிருந்தது. எனக்கு வசனம் மறந்தது. கட்டியங்காரியாகி மணியைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

முடிந்தபின் பேச்சு நடந்தது. பெரியவர் ஒருவர், பெற்ற தகப்பனை இப்படி நாலு பேர் முன்னால் நிறுத்தலாமா என்று வருத்தத்தோடு கேட்டார். அவருடைய வருத்தம் உண்மையானது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து, "அவரு தச்ச ரவிக்கதாங்க போட்டிருக்கேன்" என்றாள். பெரியவர் அதற்குமேல் கேட்கவில்லை. எல்லாரும் கலைந்தபின் நடுவயதுப் பெண் ஒருத்தி என்னைத் தூணோரம் அழைத்துப்போய், தானும் சாம்பாரில் கலந்துகொண்டிருப்பதாகவும், நிறுத்தினால் அவர் இன்னும் அதிகமாகக் குடிப்பாரோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னாள். இன்றிரவே நிறுத்திவிடச் சொன்னேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவர் வராவிட்டாலும் அவள் தனியாகப் போகலாம் என்றும், கட்டணமில்லா 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம் என்றும் சொல்லி, எண்ணை அவள் உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தேன். குடிக்கிறவர் திருந்தும்வரை வீட்டிலிருப்பவர்கள் உதவி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. என் அம்மாவிடம் இதை யாராவது 1998இல் சொல்லியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இரவுப் பேருந்தில் திரும்பினோம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று வழிநெடுக மதுக்கடை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் கடலூரிலிருந்து வந்து குடித்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிறவர்களில் நான்கைந்து பேர் முள்ளோடையில் ஏறினார்கள். ஒருவருக்குக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அம்மா கால்களை ஒதுக்கி அவருக்கு இடம் கொடுத்தாள்.

தம்பி நாடகத்துக்கு வரவில்லை. லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் வரும் பகுதியை முன்பே அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். "எழுதிக்கோக்கா, ஆனா நான் வந்து பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலும் அம்மாவே எழுந்து அவனுக்குக் கதவு திறந்துகொண்டிருந்தாள். மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அவர் தம்பியைப் பற்றி எதுவும் கேட்காமல், உங்கள் அம்மா கடைசியாக எப்போது விடியும்வரை தூங்கினார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் கதவுக்குப் பூட்டு மாற்றி, ஒரு சாவியைத் தம்பியின் கையில் கொடுத்தேன். அவன் அதைத் தன் வண்டிச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொண்டான். ஆனாலும் அம்மா எழுந்து போய்த் திறந்துவிடுவதை நிறுத்தவில்லை.

நாடகம் முடிந்த அன்றிரவு ஒன்றரை மணிக்கு அவனுடைய பைக் சந்துக்குள் திரும்பியது. ஸ்டாண்டு இரண்டு முறை தவறி மூன்றாவது உதையில் நின்றது. இருட்டில் பக்கத்துப் பாயில் அம்மா மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது. என் கை அதற்குள் போர்வையை விலக்கியிருந்தது.

"படுமா, நான் தொறக்குறேன்" என்று அம்மா எழப் போனாள்.

"அவன்கிட்ட சாவி இருக்கும்மா."

அவள் எழவில்லை. நானும் எழவில்லை. சாவி பூட்டின்மேல் உரசியது, வழுக்கியது, மறுபடியும் உரசியது. நுழைய வேண்டிய துளையைத் தேடிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு நுழைந்தது.